வாலால் கதவு போடும் பாம்பு!

பாம்பு எதைத் தின்னும்? எலி, தவளை என்று உடனே சொல்வீர்கள். நத்தை தின்னும் பாம்புகளும் உண்டு குட்டீஸ்! நம் நாட்டில் அவை அசாம், அருணாசலப் பிரதேசக் காடுகளில் இருக்கின்றன. நம் பழனி மலையில் இருப்பதோ, மண்புழு தின்னும் குட்டிப் பாம்பு. பெயர், கேடயவால் பாம்பு.

கேடயவால் பாம்புகளில் 50-க்கும் மேற்பட்ட வகைகள் உண்டு. உலகிலேயே தீபகற்ப இந்தியாவிலும் இலங்கையிலும் மட்டும்தான் இவை வாழ்கின்றன. ஒரு வகைக்குப் பழனி மலையின் பெயரையே வைத்திருக்கிறார்கள். 'யூரோபெல்டிஸ் புல்னியென்சிஸ்' என்பது அதன் அறிவியல் பெயர். ஆங்கிலேயர்கள் பழனியை 'புல்னி' என்றுதான் எழுதினார்கள். 1863-ல் இதை உலகுக்கு அறிமுகப்படுத்தியவர், சென்னை மாகாண வனத்துறையில் பணியாற்றிய பெடோம்.

தாண்டிக்குடி போன்ற மலை ஊர்களைச் சுற்றி காபி, மிளகு, ஏலக்காய்த் தோட்டங்கள் நிறைய உண்டு. மரநிழலும் மக்கிய இலைகளும் ஈரமண்ணும் சேர்ந்த இடமென்றால் மண்புழுவுக்குக் கொண்டாட்டம். மண்புழு இருந்தால்தான் இந்தப் பாம்புக்குச் சாப்பாடு!

கையும் காலும் இல்லாமல் எப்படி மண்ணைத் தோண்டுகிறது? தோலுக்குள்ளேயே முதுகெலும்பை வளைத்து, உடலைத் தடிமனாக்கி, வளையின் சுவரில் இறுக்கிக் கொள்கிறது. பிறகு கூரான தலையை முன்னே தள்ளுகிறது. முன்பக்கத் தசைகளில் ஆக்சிஜனைச் சேமிக்கும் புரதம் அதிகம். அதனால் சீக்கிரம் களைப்பதில்லை.

வால் இன்னும் வேடிக்கை! பல வகைகளில் அது வெட்டிவிட்டது போல மொட்டையாக, சொரசொரப்பாக இருக்கும். அதில் மண் ஒட்டி அடைப்பான் போல ஆகிவிடும். எதிரி பின்னால் வந்தால் வளையின் கதவே அந்த வால்தான்!

இந்தப் பாம்புகளைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தவர் நம் தமிழ்நாட்டு அறிஞர் எம்.வி. ராஜேந்திரன். அவரது ஆய்வு நூலை மதுரை காமராசர் பல்கலைக்கழகம் 1985-ல் வெளியிட்டது.

தலை எது, வால் எது என்று தெரியாததால், "இரண்டு தலைப் பாம்பு" என்று சிலர் பயந்து அடித்து விடுகிறார்கள். மழைக்காலத்தில் மண்ணைவிட்டு வெளியே வரும்போது, சாலையில் வண்டிச் சக்கரங்களில் சிக்கியும் இறக்கின்றன. பாவம், இதற்கு விஷமே கிடையாது. கையில் எடுத்தால்கூட கடிக்க முயல்வது அபூர்வம்.

ஆனாலும் எந்தப் பாம்பையும் நீங்கள் தொடக் கூடாது. தள்ளி நின்று பாருங்கள். யாராவது கம்பை எடுத்தால், "இது மண்புழு தின்னும் பாம்பு, விட்டுவிடுங்கள்" என்று சொல்லுங்கள். சொல்வீர்கள்தானே?