வேரைச் சொல்லும் ஜப்பானியச் சொற்கள்

பல்லாண்டுச் செடிகளில், குளிர்காலத்தில் தண்டும் இலையும் காய்ந்து, மண்ணுக்குள் வேர் மட்டும் உயிரோடு இருப்பவற்றை ஜப்பானியர் 'ஷுக்கொன்சோ' என்பார்கள். 'தங்கும் வேர்ப்பூண்டு' என்று பொருள். பெயரே எச்சரிக்கை: காய்ந்ததென்று பிடுங்கிவிட்டால், வசந்தத்தில் துளிர்க்க ஒன்றும் இருக்காது. தூர் பெருத்தால் வேரோடு பிரித்து நடுவது 'கபுவகே', தூர் பிரித்தல்.

வளர்ந்த மரத்தை இடம் மாற்ற 'நெமவாஷி' வேண்டும். வேரைச் சுற்றிச் செய்யும் வேலை. பல மாதங்களுக்கு முன்பே மரத்தைச் சுற்றிப் பள்ளம் எடுத்து, பக்கவேர்களை வெட்டி மண்ணால் மூடுவார்கள். வெட்டுவாயில் புதிய சல்லிவேர்கள் பிடித்த பிறகே மரத்தைப் பெயர்ப்பார்கள். அவசரப்பட்டால் நீர் உறிஞ்சும் வேர்கள் பழைய இடத்திலேயே நின்றுவிடும், மரம் பட்டுப்போகும்.

அலுவலகத்தில் ஒரு முடிவுக்கு முன் ஒவ்வொருவரிடமும் பேசி இசைவு பெறுவதற்கும் அங்கே இதே சொல்தான்.