வானத்துக் கண்ணும் மலையின் மண்ணும்

இராணுவ சாகசக் கதைகளிலே தவறாது இடம்பெறும் கட்டம் ஒன்றுண்டு. பகைவரின் பிடியில் சிக்கியவர்களை மீட்கச் சென்ற சிறுபடையொன்று நள்ளிரவில் மலைச்சரிவிலே பதுங்கிக் கிடக்க, கண்ணுக்கும் காதுக்கும் எட்டாத உயரத்தில் வட்டமிடும் ஆளில்லா விமானம், இருளில் மறைந்திருக்கும் ஒவ்வோர் உடலையும் வெண்புள்ளியாக்கித் திரையில் காட்டிக்கொண்டிருக்கும். எங்கோ தொலைவில் அமர்ந்திருக்கும் அதிகாரி, "வலப்புறம் இருவர், பாறைக்குப் பின்னால் ஒருவர்" என்று சொல்லச் சொல்ல வீரர்கள் முன்னேறுவார்கள். விடிவதற்குள் காரியம் முடிந்துவிடும்.

இது வெறும் கற்பனை என்று தள்ளிவிடக்கூடியதன்று. சோமாலியக் கடற்கொள்ளையர் 2023 டிசெம்பரில் கைப்பற்றிய 'ரூவன்' என்னும் சரக்குக் கப்பலை, 2024 மார்ச்சில், இந்தியக் கரையிலிருந்து ஏறக்குறைய 2,600 கிலோமீற்றருக்கு அப்பால் நடுக்கடலில் இந்தியக் கடற்படை மீட்டது. 'கொல்கத்தா' என்னும் போர்க்கப்பல் வழிமறிக்க, உயரத்தே ஆளில்லா விமானம் கண்காணிக்க, சரக்கு விமானமொன்றிலிருந்து கமாண்டோக்கள் பாரசூட்டில் கடலில் குதிக்க, 40 மணி நேர முயற்சியின் முடிவில் கொள்ளையர் 35 பேர் சரணடைந்தனர். மாலுமிகள் 17 பேரும் காயமின்றி மீண்டனர். ஆயுதந்தாங்கியோர் உள்ளே இருப்பதை உறுதிசெய்ய முதலில் அனுப்பப்பட்ட சிறு ட்ரோனைக் கொள்ளையர் சுட்டு வீழ்த்தினார்கள் என்பதும் இச்சம்பவத்தின் ஒரு பகுதி. மனிதன் செல்லத் தயங்கும் இடத்துக்கு முதலில் யந்திரத்தை அனுப்பலாம். யந்திரம் போனாலும் உயிர் போவதில்லை. ட்ரோனின் முதற்பெரும் பயன் இதுவே.

ஆனால் நம்முடைய மலைநாட்டிலே மீட்புப் பணி நடக்கும்போது எதிரே நிற்பது துப்பாக்கி ஏந்திய பகைவனல்லன். மழையும் மூடுபனியும் குழைந்த மண்ணுமே. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் இலங்கைத் தீவைக் கடந்தபோது 600க்கும் மேற்பட்டோர் மாண்டனர். கண்டி, நுவரெலியா, பதுளை மாவட்டங்களில் மலைகள் சரிந்து பாதைகள் அறுந்தன. நிவாரணப் பணியில் ஈடுபட்டிருந்த இலங்கை விமானப் படையின் பெல் 212 ரக ஹெலிகொப்டர் லுணுவிலப் பகுதியில் வீழ்ந்து அதன் விமானி உயிர்நீத்தார். 'சாகர் பந்து' என்ற பெயரில் உதவிக்கு வந்த இந்திய விமானப் படையினர், நுவரெலியா மாவட்டத்துக் கொத்மலையில் வழியற்று அகப்பட்டிருந்த பயணிகளை மீட்ட விதம் சிந்தனைக்குரியது. அவர்கள் இருந்த இடத்தில் ஹெலிகொப்டர் இறங்க வகையில்லை. எனவே 'கருட்' கமாண்டோ ஒருவரைக் கயிற்றின் வழியே கீழே இறக்கினார்கள். அவர் அம்மக்களை ஒன்றுகூட்டி, பாதையில்லாக் காட்டுவழியே நடத்திச் சென்று, ஹெலிகொப்டர் தளத்திலே சேர்த்தார். இந்தியரும் பிற நாட்டாரும் இலங்கையருமாக 24 பேர் அங்கிருந்து கொழும்புக்கு ஏற்றிச் செல்லப்பட்டனர். மீட்பின் நடுப்பகுதி முழுவதும் ஒரு மனிதனின் கால்நடையில் நிகழ்ந்தது என்பதைக் கவனிக்க வேண்டும்.

இத்தகைய பணியில் ட்ரோன் எவ்வளவு தூரம் துணைசெய்யும்? இதற்கு விடை காண, அதன் உஷ்ணக் கண்ணின் சூட்சுமத்தைச் சற்று அறிந்துகொள்வது நலம். உஷ்ணமுள்ள ஒவ்வொரு பொருளும் கண்ணுக்குத் தோன்றாத அகச்சிவப்புக் கதிர்களைச் சதா வீசிக்கொண்டிருக்கிறது. மனிதத் தோல் வீசும் கதிர்களுள் மிகுதியானவை மில்லிமீற்றரில் நூறில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவான அலைநீளம் உடையவை. சாதாரணக் கண்ணாடி இக்கதிர்களை உள்ளே விடாதாகையால், உஷ்ணக் கமராவின் வில்லையை ஜெர்மானியம் என்னும் மூலகத்தால் செய்கிறார்கள். அவ்வில்லைக்குப் பின்னால் இலட்சக்கணக்கான நுண்ணிய உணரிகள் வரிசையாக அமர்ந்து, ஒரு பாகை வெப்பத்தில் இருபதில் ஒரு பங்கு வேற்றுமையையும் அறிந்து படமாக்குகின்றன. இரவில் குளிர்ந்து கிடக்கும் தேயிலை மலையிலே உயிருள்ள உடல் தனியே ஒளிர்வது இதனால்தான்.

கணக்கொன்று போட்டுப் பார்ப்போம். வழக்கமான உஷ்ணக் கமராவின் படம் குறுக்கே 640 புள்ளிகள் கொண்டது. 60 மீற்றர் உயரத்தில் ட்ரோன் பறக்குமானால், பொருத்தமான வில்லையுடன் ஒவ்வொரு புள்ளியும் தரையில் 5 முதல் 6 சென்டிமீற்றரைக் குறிக்கும். குந்தியிருக்கும் ஒருவர் அப்படத்தில் பத்துப் புள்ளி அகலமுள்ள வெளிச்சத் திட்டாகவே தெரிவார். அது மனிதரா, நாயா, சூடு தணியாத பாறையா என்று தீர்மானிக்கத் தேர்ந்த கண் வேண்டும். படத்தின் அகலம் தரையில் ஏறக்குறைய 35 மீற்றர். பக்கத்துப் பட்டையோடு கொஞ்சம் ஒன்றன்மேல் ஒன்று படியவிட்டு, வினாடிக்கு 5 மீற்றர் வேகத்தில் ஓட்டினால், 20 நிமிடத்தில் 15 ஹெக்டேயர், அதாவது சுமார் 37 ஏக்கர் தேடி முடிக்கலாம். செங்குத்தான சரிவில், சறுக்கும் சேற்றில், கவ்வாத்து வெட்டிய செடிகளின் கூரிய கொம்புகளிடையே ஆட்கள் நடந்து இதே நிலத்தைத் தேடுவதாயின் எத்தனை பேர் எத்தனை மணி நேரம் உழைக்க வேண்டும் என்பதைத் தோட்டத்தில் வாழ்பவர்களுக்குச் சொல்லித் தெரிவிக்க வேண்டியதில்லை. 2013இல் உத்தரகண்டத்தை வெள்ளம் சூறையாடியபோது 'நேத்ரா' என்னும் சிறு ட்ரோனை மீட்புப் படையினர் தேடலுக்குப் பயன்படுத்தியதும் இந்த அனுகூலத்தைக் கருதியே.

அனுகூலம் இவ்வளவு என்றால் பிரதிகூலமும் அதற்குக் குறைந்ததன்று. நுவரெலியா நகரம் கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்தில் உள்ளது. அங்கே காற்றின் அடர்த்தி கடற்கரையில் உள்ளதில் ஆறில் ஐந்து பங்கே. மெலிந்த காற்றிலே அதே பாரத்தைத் தாங்கி நிற்க ட்ரோனின் விசிறிகள் ஏறக்குறைய 10 சதவீதம் வேகமாகச் சுழல வேண்டும். பற்றரியும் அதற்கேற்ப விரைவில் தீரும். குளிர் அதன் ஆற்றலை மேலும் குறைக்கும். வானொலி அலையால் இயக்கப்படும் யந்திரம் ஒரு மலைமுகட்டுக்கு அப்பால் சென்றுவிட்டால், இயக்குபவருடன் அதற்குள்ள தொடர்பு அறுந்துவிடலாம். மலைநாட்டின் மூடுபனியோ இன்னும் பெரிய தடை. பனித்திவலைகளின் பருமன் அகச்சிவப்புக் கதிரின் அலைநீளத்துக்கு ஒப்பானதாகையால் அவை அக்கதிரை விழுங்கியும் சிதறடித்தும் விடுகின்றன. மெல்லிய பனியில் உஷ்ணக் கண் நம் கண்ணைவிடச் சற்று அதிகமாகக் காணும், அடர்ந்த பனியில் இரண்டும் குருடே. தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்தின் தகரக் கூரை தன் உஷ்ணத்தை அதிகம் வெளிக்காட்டாது, மேலே உள்ள வானத்தின் குளிரையே கண்ணாடிபோலப் பிரதிபலிக்கும். அதன்கீழே பத்துப் பேர் உயிரோடிருந்தாலும் படத்தில் தெரிவது கருமையான சதுரம் ஒன்றே.

எல்லாவற்றிலும் கொடிய திரை மண். ஈரமண்ணின் கீழே கிடக்கும் உடலின் உஷ்ணத்தை மேலிருந்து எந்தக் கமராவும் காணாது. இடிபாட்டின் ஊடே நுண்ணலை செலுத்தி, இதயத் துடிப்பாலும் சுவாசத்தாலும் எழும் மிகச் சிறு அசைவை அறியும் ராடார் கருவிகள் உண்டு. 2015இல் நேபாளத்தைப் பூகம்பம் குலைத்தபோது, நாசாவின் ஆய்வுக்கூடத்தில் உருவான 'ஃபைண்டர்' என்னும் கருவி சௌதாரா என்ற ஊரிலே இடிபாட்டுக்குள் சிக்கிய நால்வரைக் காட்டிக்கொடுத்தது. அங்கே கல்லும் மரமும் குவிந்த இடைவெளிகளில் காற்றிருந்தது, உயிரும் இருந்தது. மண்சரிவிலே அந்த இடைவெளி அரிது. 2024 ஜூலை 30ஆந் தேதி வயநாட்டின் முண்டக்கை, சூரல்மலை ஆகிய தோட்டப்புறக் கிராமங்களை மண்சரிவு அழித்தபின், ட்ரோன்களும் ராடார்களும் அங்கே கொண்டுவரப்பட்டன. ஓரிடத்தில் சுவாசத்தைப் போன்ற சைகை கிடைத்தது என்று சொல்லி ஆவலோடு தோண்டினார்கள்; எவரும் அகப்படவில்லை. மறுபுறம், மதராஸ் பொறியியற் படைப்பிரிவு வீரர்கள் அடித்துச் செல்லப்பட்ட பாலத்துக்குப் பதிலாக 190 அடி நீளப் பெய்லி பாலத்தை இரவு பகலாக உழைத்து ஓகஸ்ட் 1ஆந் தேதி முடித்த பின்னரே, கனரக மண்வெட்டும் யந்திரங்கள் தாராளமாக அக்கரையை அடைய முடிந்தது.

தேடுவோரை இன்னொரு கேள்வியும் வாட்டும்: எத்தனை பேரைத் தேடுவது? 2014 ஒக்டோபர் 29ஆந் தேதி காலை, பதுளை மாவட்டத்துக் கொஸ்லந்தையில் மீரியபெத்தைத் தோட்ட லயங்களை மலை மூடியபோது, நூற்றுக்கணக்கானோர் புதையுண்டனர் என்று முதலில் செய்தி பரவியது. பின்னர் அத்தொகை பன்மடங்கு குறைந்தது. எந்த லயக் காம்பராவில் எத்தனை பேர், அன்று பள்ளிக்குச் சென்ற பிள்ளைகள் எவர், காலையில் வேலைக்கு ஆள்சேர்க்கும் பெரட்டுக்குப் போனவர்கள் எவர் என்பதை ஆகாயத்திலிருந்து அறிய இயலாது. அதைச் சொல்லக்கூடியது தோட்டத்தில் ஒழுங்காக வைக்கப்பட்ட பதிவேடும், பக்கத்துக் காம்பராக்காரரின் ஞாபகமுமே. அவ்விடம் அபாயமானது என்று 2005இலும் 2011இலும் எச்சரிக்கை விடுக்கப்பட்டிருந்தது. ஆபத்து எங்கே என்பது தெரிந்திருந்தது. அங்கிருந்தவர்கள்தான் வேறு நிலத்துக்கு மாற்றப்படவில்லை.

ஆகவே மலைநாட்டிலே ட்ரோன் ஆற்றக்கூடிய மிகச் சிறந்த மீட்புப் பணி, மலை சரிவதற்கு முன்னே, வெயில் காயும் நாட்களிலே செய்யும் பணிதான் என்பது என் துணிபு. ஒரே சரிவை வெவ்வேறு கோணங்களிலிருந்து நூற்றுக்கணக்கான படங்களாக எடுத்து, அவற்றைக் கணினியிலே பொருத்தி, நிலத்தின் மேடுபள்ளங்களை முப்பரிமாண வரைபடமாக்கலாம். மூன்று மாதம் கழித்து மறுபடி எடுத்த வரைபடத்தோடு ஒப்பிட்டால், கண்ணுக்குப் புலப்படாமல் சில சென்டிமீற்றர் கீழிறங்கிய நிலமும் அகப்பட்டுவிடும். மரஞ்செடிகள் மூடிய இடத்தில் லேசர் துடிப்புக்களை அனுப்பினால், இலைகளின் இடுக்கு வழியே தரையைத் தொட்டுத் திரும்பும் ஒளியைக் கொண்டு காட்டின் அடியிலுள்ள பழைய சரிவின் தழும்பையும் வரையலாம். போர்க்காலத்தில் வன்னி மக்கள் 'வண்டு' என்று அழைத்து அஞ்சிய வேவு விமானத்தின் அதே வித்தை, லயத்துக்கு மேலுள்ள வெடிப்பைக் கண்டறியவும் உதவும்.

கண்டறிந்தபின் செய்ய வேண்டியவையும் அரும்பெரும் விஞ்ஞானமல்ல. சரிவுக்குக் காரணம் பெரும்பாலும் மண்ணுக்குள் தேங்கும் நீரே. துகள்களின் இடையே நீரின் அழுத்தம் ஏற ஏற, அவற்றைப் பிணைத்து நிறுத்தும் உராய்வு குறைந்துகொண்டே வந்து, ஒரு கட்டத்தில் மலை தன் பாரத்தைத் தானே தாங்கமாட்டாமற் போகிறது. நீரை வெளியேற்றினால் மலை நிற்கும். ஹற்றனை அடுத்த வட்டவளையிலே ரயில் பாதையை நகர்த்திய நிலச்சரிவை 1990களில் கட்டுப்படுத்தியது, பூமிக்குள் துளையிட்டு நிலத்தடி நீரை வடியவிட்ட முயற்சியே. தேயிலை மலைகளில் முன்னோர் வெட்டிய வடிகால் கான்களுக்கும் இதுதான் வேலை. கான் வெட்ட ஆளில்லை என்று அவற்றைத் தூர்ந்துபோக விட்டு, மழை நீரை மண்ணுக்குள் இறங்கவிடும் நிர்வாகம், பின்னர் எத்தனை ட்ரோன்களை வரவழைத்தாலும் பயனில்லை.

தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் வகுத்துள்ள அளவுகள் எளியவை: 24 மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர் மழை பெய்தால் விழிப்பாயிருக்க வேண்டும், 100 மில்லிமீற்றரானால் வெளியேற ஆயத்தமாக வேண்டும், 150 மில்லிமீற்றரைத் தொட்டாலோ, ஒரே மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர் கொட்டினாலோ உடனே வெளியேற வேண்டும். இதை அளக்க வேண்டியது ஒரு மழைமானியும், அதை இரவிலும் பார்த்துச் சொல்லும் ஒருவருமே. ஒவ்வொரு தோட்டத்தின் ஒவ்வொரு பிரிவிலும் இவ்விரண்டும் இருக்கச் செய்வதும், வெளியேறச் சொன்னால் போய்த் தங்குவதற்குப் பாதுகாப்பான கட்டடமும், அபாய வலயத்திலிருப்போருக்கு நிரந்தரமாக வேறு காணியும் வழங்குவதும் அரசாங்கத்தினதும் தோட்ட நிர்வாகங்களினதும் கடமை. வாசகர்கள் செய்யக்கூடியதும் ஒன்றுண்டு. சுவரிலோ நிலத்திலோ புது வெடிப்பு, திடீரென்று இறுகித் திறவாத கதவு, சாய்ந்த மரம் அல்லது கம்பம், புதிதாகப் பொங்கிய அல்லது கலங்கிய ஊற்று, இவற்றுள் எதைக் கண்டாலும், எவருடைய உத்தரவுக்கும் காத்திராமல் குடும்பத்தோடு வெளியேறுங்கள். பின்பு 117 என்ற இலக்கத்தில் அனர்த்த முகாமைத்துவ நிலையத்துக்கு அறிவியுங்கள்.