நிலம் நகர்வதை விண்ணிலிருந்து அளப்பது எப்படி? 'நிசார்' ரேடாரின் நுட்பமும் வரம்புகளும்

பெங்களூரு: உத்தராகண்ட் மாநிலம் ஜோஷிமத் நகரில் 2023 ஜனவரியில் வீட்டுச் சுவர்கள் பிளந்தபோது, நிலம் எவ்வளவு தாழ்ந்துள்ளது என்ற கேள்விக்குச் செயற்கைக்கோள் தரவுகளே விடை தந்தன. 2022 டிசம்பர் 27 முதல் 2023 ஜனவரி 8 வரையிலான 12 நாள்களில் மட்டும் 5.4 செ.மீ. தாழ்ந்ததாக இஸ்ரோவின் தேசிய தொலையுணர்வு மையம் முதற்கட்ட அறிக்கையில் தெரிவித்தது. அதற்கு முந்தைய ஏப்ரல் முதல் நவம்பர் வரையிலான காலத்தில் தாழ்வு சுமார் 9 செ.மீ. ஆக இருந்தது. சில நாள்களிலேயே அந்த அறிக்கை இணையதளத்திலிருந்து நீக்கப்பட்டது.

பல நூறு கிலோமீட்டர் உயரத்திலிருந்து சென்டிமீட்டர் அளவிலான அசைவைக் கண்டறிய உதவுவது 'ரேடார் இண்டர்ஃபெரோமெட்ரி' எனும் முறையாகும். ரேடார் அனுப்பும் நுண்ணலை தரையில் பட்டுத் திரும்பும்போது, அலையின் ஏற்ற இறக்கத்தில் எந்தக் கட்டத்தில் வந்து சேர்ந்தது என்பதும் பதிவாகிறது. சில நாள்கள் கழித்து அதே பாதையில் வரும் செயற்கைக்கோள் மீண்டும் அதே இடத்தைப் பதிவு செய்கிறது. இடையில் தரை நகர்ந்திருந்தால், திரும்பும் அலையின் கட்டம் மாறியிருக்கும். இரு பதிவுகளையும் ஒப்பிட்டால் அந்த வேறுபாடு வண்ணப் பட்டைகளாகத் தெரியும். அலை சென்று திரும்புவதால், ஒரு முழுப் பட்டை அலைநீளத்தில் பாதியளவு நகர்வைக் குறிக்கும். 24 செ.மீ. அலைநீளமுள்ள எல்-பேண்ட் ரேடாரில் அது 12 செ.மீ. அக்கணக்கின்படி ஜோஷிமத்தில் பதிவான தாழ்வு, ஏறத்தாழ அரைப் பட்டைதான்.

கலிபோர்னியாவின் லாண்டர்ஸ் பகுதியில் 1992-இல் ஏற்பட்ட நிலநடுக்கத்தின் நிலப்பெயர்ச்சியை, ஐரோப்பாவின் இ.ஆர்.எஸ்-1 செயற்கைக்கோள் தரவுகளைக் கொண்டு வரைபடமாக்கிய ஆய்வு 1993-இல் வெளியானது. அதே ஆண்டில் அண்டார்டிகாவின் பனி ஓட்டமும் இம்முறையில் அளக்கப்பட்டது.

இத்துறையில் இந்தியாவின் பெரிய முயற்சி, நாசாவுடன் இணைந்து உருவாக்கிய 'நிசார்' ஆகும். எல்-பேண்ட் ரேடாரை நாசாவும் எஸ்-பேண்ட் ரேடாரை இஸ்ரோவும் வழங்கின. அமெரிக்காவில் இணைக்கப்பட்ட ரேடார் கருவிகள் 2023 மார்ச்சில் அமெரிக்க விமானப்படையின் சரக்கு விமானத்தில் பெங்களூரு வந்தன. இங்குள்ள யு.ஆர்.ராவ் செயற்கைக்கோள் மையத்தில் அவை செயற்கைக்கோளுடன் பொருத்தப்பட்டன. 12 மீட்டர் விட்டமுள்ள ஆன்டெனா பிரதிபலிப்பான் மட்டும், வெப்பத்தைக் குறைக்கும் பூச்சுக்காக மீண்டும் கலிபோர்னியா சென்று திரும்பியதில் பல மாதங்கள் கழிந்தன. இறுதியில் 2025 ஜூலை 30 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஜி.எஸ்.எல்.வி-எஃப்16 ராக்கெட் மூலம் அது விண்ணில் செலுத்தப்பட்டது.

நிசார் 12 நாள்களுக்கு ஒருமுறை அதே பாதைக்குத் திரும்புகிறது. மேகமும் இரவும் அதற்குத் தடையல்ல. எல்-பேண்ட் அலை இலைத்திரளை ஓரளவு ஊடுருவுவதால், அடர்ந்த மரங்கள் மூடிய மலைச்சரிவுகளிலும் அளவீடு இயலும். குறுகிய அலைநீள ரேடார்கள் பெரிதும் தடுமாறும் இடம் இதுவே.

பனிப்பாறைகளின் நிலை வேறு. மெதுவாக நகரும் பனியை இம்முறை நுட்பமாக அளக்கும். ஆனால் புதுப்பனி விழுந்தாலோ, மேற்பரப்பு உருகினாலோ, ஓட்டம் மிக வேகமாக இருந்தாலோ இரு பதிவுகளுக்கும் இடையிலான ஒப்புமை அழிந்துவிடுகிறது. அப்போது படத்தின் சிறு கூறுகள் எவ்வளவு இடம்பெயர்ந்தன என்று பின்தொடர்ந்து கணக்கிடுவதே வழி. 200-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்த அல்லது காணாமல்போன 2021 சமோலி பேரிடரில், சரிந்த பாறை-பனித் திரள் சில ஆண்டுகளாகவே நகர்ந்து வந்தது, பழைய செயற்கைக்கோள் படங்களைப் பின்னர் இவ்வாறு ஆராய்ந்தபோதுதான் தெரியவந்தது.

நகரங்களுக்கும் இது பொருந்தும். ஐந்து இந்தியப் பெருநகரங்களை ஆராய்ந்து 2025-இல் வெளியான ரேடார் ஆய்வின்படி, நிலம் தாழும் அதிகபட்ச வேகம் ஆண்டுக்கு டெல்லியில் 51 மி.மீ., சென்னையில் 31.7 மி.மீ. நிலத்தடி நீருக்காக ஆழ்துளைக் கிணறுகளைப் பெரிதும் நம்பியுள்ள பெங்களூருவில் அது 6.7 மி.மீ. மட்டுமே. நீர் வற்றினால் அமுங்கும் வண்டல் மண் அல்லாமல், கடினப் பாறைமீது நகரம் அமைந்திருப்பது இதற்கு முக்கியக் காரணம். பெங்களூருவின் நீர்மட்டம் நலமாக உள்ளது என்று இதற்குப் பொருள் கொள்ள இயலாது.

இம்முறைக்கு வரம்புகளும் உண்டு. செயற்கைக்கோள் நோக்கும் திசையிலான நகர்வையே அது நேரடியாக உணரும்; வடக்கு-தெற்காக நிகழும் அசைவு பெரும்பாலும் தப்பிவிடும். பருவமழைக் காலத்தில் காற்றிலுள்ள நீராவி அலையைத் தாமதப்படுத்தி, இல்லாத அசைவை இருப்பதாகக் காட்டக்கூடும். பல பதிவுகளைச் சேர்த்துச் சராசரி கண்டு, தரையிலுள்ள ஜி.பி.எஸ். நிலையங்களுடன் ஒப்பிட்டே இப்பிழை களையப்படுகிறது. பெருமழையில் நிமிடங்களில் சரியும் மலையை, 12 நாள் இடைவெளியில் பார்க்கும் கருவி முன்கூட்டி எச்சரிக்க இயலாது. நிசார் ஏவப்பட்டதற்குச் சரியாக ஓராண்டுக்கு முன் வயநாட்டில் நிகழ்ந்தது அத்தகைய சரிவே.

மெல்ல நகரும் சரிவுகளே இதன் களம். நிசார் தரவுகள் பொதுவாக ஓரிரு நாள்களிலும், பேரிடர் வேளைகளில் சில மணி நேரங்களிலும் உலகெங்கும் இலவசமாகக் கிடைக்கும் வகையில் திட்டமிடப்பட்டுள்ளது. இனி ஜோஷிமத் போன்றதொரு நகரம் தாழ்ந்தால், அந்தக் கணக்கைப் போட எந்தப் பல்கலைக்கழகமும் ஓர் அறிக்கைக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை.