கமாண்டோ ஆக ஆசையா? முதலில் தாலுகா ஆபீசுக்குப் போங்கள்!

பெருமாட்டி:

"அண்ணே, கருப்புப் பூனைப் படையில் சேர எங்கே மனுப் போட வேண்டும்?"

டிக்கெட் கவுண்ட்டரில் ஒரு வாலிபர் என்னிடம் கேட்ட கேள்வி இது. "நேராக மனுப் போட வழியே கிடையாது, தம்பி" என்றேன். அவர் முகம் வாடிவிட்டது. இடம் வாங்கித் தருவதாகச் சொல்லி ஒரு புரோக்கர் அவரிடம் முன்பணம் கேட்டிருக்கிறாராம்!

நேர் வழி இல்லை

கருப்புப் பூனைகள் என்று அழைக்கப்படும் தேசியப் பாதுகாப்புப் படை 1984-ல் அமைக்கப்பட்டது. ராணுவத்திலும் மத்திய போலீஸ் படைகளிலும் இருப்பவர்களைப் பொறுக்கி எடுத்தே அங்கு அனுப்புகிறார்கள். 2008-ல் மும்பை தாஜ் ஓட்டலில் வீர மரணம் அடைந்த மேஜர் சந்தீப் உன்னிகிருஷ்ணனும் பீகார் ரெஜிமெண்டிலிருந்து சென்றவரே.

ராணுவத்தின் பாராசூட் கமாண்டோ படைக்கும் தாமாக முன்வரும் ஜவான்களைத்தான் எடுக்கிறார்கள். மாதக்கணக்கில் கடும் சோதனை நடக்கும். தாங்காதவர்கள் திருப்பி அனுப்பப்படுவார்கள். ஆக்ராவில் விமானத்திலிருந்து 5 முறை குதிக்க வேண்டும். அதில் ஒன்று இரவில்!

முதல் படி

ஆகவே, முதலில் சாதாரண ஜவானாகச் சேர வேண்டும். 2022-ல் வந்த அக்னிவீர் திட்டப்படி 4 ஆண்டு வேலை. அதன்பின் 100-க்கு 25 பேர் வரையே நிரந்தரம் ஆவார்கள். இதை யோசித்தே இறங்க வேண்டும்.

பொதுப் பிரிவுக்குப் பத்தாம் வகுப்பில் மொத்தம் 45 சதவீத மார்க் வேண்டும். வயது பதினேழரை நிறைந்திருக்க வேண்டும்; மேல் வயது வரம்பை அந்தந்த ஆண்டு அறிவிப்பில் பார்த்துக்கொள்ளவும். உயரம் 166 சென்டிமீட்டர். எழுத்துத் தேர்வு முதலில், ஓட்டம் பிறகு. 1.6 கிலோமீட்டரை ஐந்தரை நிமிடத்துக்குள் ஓடினால் முழு மார்க். 2025 முதல் தேர்வைத் தமிழிலும் எழுதலாம்.

நம்மவர்கள் தவறும் இடம்

கோயம்புத்தூர் பக்கம்தானே என்று மாமன் வீட்டு விலாசத்தைக் கொடுத்து மனுப் போடுகிறவர்கள் உண்டு. ஓட்டத்தில் ஜெயித்தும், சான்றிதழ் பார்க்கும்போது திரும்பி வர நேரிடும். பாலக்காடு மாவட்டத்தாருக்கு ஆள் எடுப்பு அலுவலகம் கோழிக்கோடு. இடுக்கி மாவட்டத்தாருக்குத் திருவனந்தபுரம். எஸ்டேட் லயத்தில் இருப்பவருக்கும் இதுவே விதி.

இருப்பிடச் சான்றுக்கு வில்லேஜ் ஆபீஸ், தாலுகா ஆபீஸ் என்று நடக்க நாளாகும். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் ஒரு பெயர், ஆதாரில் இன்னொரு பெயர், இனிஷியல் முன்னும் பின்னும் என்று இருந்தால் அதையும் இப்போதே திருத்த வேண்டும். அறிவிப்பு வந்தபிறகு ஓடினால் நேரம் போதாது.

புரோக்கருக்கு ஒரு பைசாவும் கொடுக்க வேண்டியதில்லை. அவரால் உங்களுக்காக ஓட முடியாது!

அந்த வாலிபர் அடுத்த வாரம் மீண்டும் வந்தார். "முன்பணம் கொடுக்கவில்லை, அண்ணே. சித்தூர் தாலுகா ஆபீசில் மனுக் கொடுத்துவிட்டேன். காலையில் கால்வாய்க் கரையில் ஓடவும் ஆரம்பித்துவிட்டேன்" என்றார்.

முதல் படி ஏறிவிட்டார்.