பாகன்: பௌத்தம் வாழும் சமவெளி

நுழையும்முன்

மியான்மர் நாட்டின் பௌத்த மரபைக் காண விழைவோர் முதலில் நாடும் இடம் பாகன். எண்ணூறு, தொள்ளாயிரம் ஆண்டுகளுக்கு முற்பட்ட அதன் கோயில்கள் பலவற்றில் இன்றும் வழிபாடு நிகழ்கிறது. வழிபடுவோரின் பற்றும் வரலாற்றைப் பேணுவோரின் கடமையும் அங்கு எவ்விடத்தில் முரண்படுகின்றன என்பதை இப்பாடம் விளக்குகிறது.

சமவெளியில் ஒரு தலைநகர்

ஐராவதி ஆற்றின் கிழக்குக் கரையில், மழை குறைந்த வறண்ட நிலத்தில் பாகன் அமைந்துள்ளது. பனைகளும் எள், நிலக்கடலை வயல்களும் நிறைந்த அச்சமவெளியில் 3,500க்கும் மேற்பட்ட கட்டடங்களும் அவற்றின் எச்சங்களும் பரவிக் கிடக்கின்றன. அவற்றுள் பெரும்பாலானவை செங்கல்லால் ஆனவை.

1044இல் அரியணை ஏறிய அனவ்ரதா மன்னர் தேரவாத பௌத்தத்தைப் போற்றி வளர்த்தார். அக்காலம் தொடங்கி 13ஆம் நூற்றாண்டின் இறுதிவரை மன்னரும் அரசியரும் அமைச்சரும் செல்வரும் போட்டியிட்டுக் கோயில்கள் எழுப்பினர். கோயில் எடுப்பது நல்வினை சேர்க்கும். அந்நல்வினையைப் பிற உயிர்களுக்கும் பகிர்ந்தளிக்கலாம் என்பது அவர்தம் நம்பிக்கை. ஒரே சமவெளியில் இத்துணைக் கோயில்கள் எழுந்தமைக்கு இந்நம்பிக்கையே முதற்காரணம்.

தூபியும் கோயிலும்

பாகனின் கட்டடங்கள் இருவகைப்படும். உள்ளே செல்ல வழியின்றி மணிவடிவில் திண்மையாக எழுவது தூபி. மக்கள் அதனை வலம்வந்து வணங்குவர். உள்ளறையும் சுற்றுவழியும் கொண்டது கோயில். செங்கற்களை ஆப்புவடிவில் அடுக்கி வளைவுக்கூரை அமைக்கும் நுட்பத்தில் பாகன் கட்டடக் கலைஞர் தேர்ந்திருந்தனர். அதனாலேயே பெருஞ்சுமையைத் தாங்கும் அகன்ற உள்ளறைகளை அவர்களால் அமைக்க முடிந்தது.

கியான்சித்தா மன்னர் எழுப்பிய ஆனந்தா கோயில் இவ்வகையில் தலைசிறந்தது. நாற்புறமும் நீண்ட வாயில்களையுடைய அக்கோயிலில், நான்கு திசைகளையும் நோக்கி நான்கு புத்தர் திருவுருவங்கள் நிற்கின்றன. உயரத்தில் அமைந்த சாளரத்தின் வழியே வரும் ஒளி, இருண்ட சூழலில் திருமுகத்தின்மீது மட்டும் படுகிறது. புறச்சுவர்களில் பதித்த மெருகேற்றிய சுடுமண் பலகைகள், புத்தரின் முற்பிறவிக் கதைகளை எழுத்தறியாதவர்க்கும் உணர்த்தின.

மகனின் கல்வெட்டு

கியான்சித்தா நோயுற்று இறக்கும் நிலையில் இருந்தபோது, அவர் மகன் ராஜகுமாரன் தந்தையின் அன்பை நினைந்து பொன்னால் புத்தர் திருவுருவம் ஒன்றைச் செய்து காட்டினார். மனம் மகிழ்ந்த மன்னர் நீர் வார்த்து அக்கொடையை உறுதிசெய்தார். 1113ஆம் ஆண்டளவில் பொறிக்கப்பெற்ற மியாசேதி கல்வெட்டு இச்செய்தியைப் பாலி, மொன், பியூ, பர்மியம் ஆகிய நான்கு மொழிகளில் கூறுகிறது. வழக்கொழிந்த பியூ மொழியை அறிஞர்கள் படித்தறிய, ஒரே செய்தியைக் கூறும் மற்ற மூன்று முகங்களும் உதவின. மகனின் நன்றியுணர்வைக் கூறும் அக்கல் ஒரு மொழியின் திறவுகோலும் ஆயிற்று.

> தெரிந்து தெளிவோம்
> பாகனில் 13ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த தமிழ்க் கல்வெட்டொன்று கிடைத்துள்ளது. மலைமண்டலத்து மகோதையர் பட்டினத்தைச் சேர்ந்த குலசேகர நம்பி என்பவர், அங்கிருந்த நானாதேசி விண்ணகர் என்னும் திருமால் கோயிலுக்கு மண்டபமும் கதவும் நிலைவிளக்கும் அளித்ததை அது தெரிவிக்கிறது. நானாதேசி என்பது பல நாடுகளிலும் வாணிகம் செய்த வணிகக் குழுவின் பெயர். பௌத்தத் தலைநகரில் பிற சமயத்தார்க்கும் இடமிருந்ததை இதனால் அறியலாம்.

பேணுவதா, புதுப்பிப்பதா?

1975ஆம் ஆண்டிலும் 2016ஆம் ஆண்டிலும் நேர்ந்த நிலநடுக்கங்கள் பாகனைக் கடுமையாகத் தாக்கின. 2016இல் ஏறத்தாழ 400 கட்டடங்கள் சேதமுற்றன. சிதைந்த கோயிலை எவ்வாறு சீரமைப்பது என்னும் வினா அப்போது மீண்டும் எழுந்தது.

பழைய கோபுரம் இடிந்தால் புதிதாகக் கட்டி முடிப்பதே அடியவர்க்கு நல்வினை. இடிபாடாக விட்டுவிடுவது அவர்களுக்குப் புறக்கணிப்பாகத் தோன்றும். வரலாற்றறிஞரோ, சான்றின்றி ஊகத்தால் எழுப்பும் புதுச்சுவர் பழங்கலைஞரின் கைவண்ணத்தை மறைத்துவிடும் என்பர். 1990களில் புதுச்செங்கற்களால் விரைந்து எழுப்பப்பெற்ற பகுதிகள் உலக அளவில் கண்டனத்திற்கு உள்ளாயின. பாகன் உலக மரபுச் சின்னமாக அறிவிக்கப்பெற 2019ஆம் ஆண்டுவரை காத்திருக்க நேர்ந்ததற்கு அதுவும் ஒரு காரணம். வழிபாடு தொடர வேண்டும், சான்றும் அழியக்கூடாது. இரண்டையும் ஒருங்கே காப்பது எளிதன்று.

பயணியின் கடமை

இப்பொறுப்பில் பயணிக்கும் பங்குண்டு. கோயில் வளாகத்தினுள் காலணியுடன் காலுறையையும் களைதல் வேண்டும். தோளும் முழங்காலும் மறையுமாறு உடுத்துதல் வேண்டும். கதிரவன் மறையும் காட்சிக்காகக் கோபுரப் படிகளில் ஏறுவது முன்னர் வழக்கமாயிருந்தது. பல்லாயிரம் கால்களின் தேய்மானத்தைப் பழஞ்செங்கல் தாங்காதாதலால், அது பின்னர்க் கட்டுப்படுத்தப்பெற்றது. அவ்விதியை மதித்துத் தரையில் நின்றே அச்சமவெளியைக் காணும் பயணியும் பாகனைப் பேணுவோருள் ஒருவராகிறார்.

கற்பவை கற்றபின்

உங்கள் ஊரிலுள்ள பழமையான கோயில், பள்ளிவாசல், தேவாலயம் ஆகியவற்றுள் ஒன்றில் நிகழ்ந்த திருப்பணியைப் பற்றிப் பெரியோரிடம் கேட்டறிக. அதில் பழமை காக்கப்பட்டதா என்பதை வகுப்பில் கலந்துரையாடுக.