கிளவுடுக்குப் போகலாமா? ஒரு பாத்திரக் கடைக் கணக்கு

(எபிசோடின் எழுத்து வடிவம். பேச்சு நடையைப் பெரும்பாலும் அப்படியே விட்டிருக்கிறோம். படிக்க வசதியாகச் சில இடங்களைச் சுருக்கி, துணைத்தலைப்புகள் சேர்த்திருக்கிறோம்.)

போன வாரம் ஒரு நேயர் வாய்ஸ் நோட் அனுப்பியிருந்தார். சின்ன கம்பெனி. ஆபீஸ்ல ஒரு ஏசி ரூம், அதுக்குள்ள ஆறு சர்வர். மேனேஜ்மென்ட்ல எல்லாத்தையும் கிளவுடுக்கு மாத்திடலாம், செலவு குறையும்னு சொல்றாங்களாம். அந்த ரூமைப் பார்த்துக்கற சீனியர் அண்ணன், "போங்க, முதல் மாச பில்லு வந்ததும் பேசுவோம்"ங்கறாராம். "ரெண்டு பேர்ல யார் சொல்றது சரி?" இதுதான் கேள்வி.

முதல்லயே பதிலைச் சொல்லிடறேன். ரெண்டு பேருமே சரியா இருக்கலாம். "கிளவுட் மலிவா?"ன்னு கேட்டா அதுக்குப் பதிலே கிடையாது. நிறுவனங்கள் இந்த முடிவை எடுக்கும்போது கேட்க வேண்டிய கேள்விகள் வேற. அந்தக் கேள்விகளைத்தான் இன்னைக்குப் பார்க்கப் போறோம்.

கல்யாணமா, மெஸ்ஸா?

கிளவுட்னா என்னன்னு நீளமா விளக்க வேண்டாம். அது இன்னொருத்தரோட கம்ப்யூட்டர். நாம வாங்காம, எடுத்த நேரத்துக்கு வாடகை கொடுக்கறோம். அவ்வளவுதான்.

இதுக்கு நம்ம ஊர்லயே நல்ல உதாரணம் இருக்கு, வாடகைப் பாத்திரக் கடை. வீட்ல ஒரு விசேஷம், 500 பேருக்குச் சாப்பாடு. அண்டா, கரண்டி, சேர் எல்லாம் வாடகைக்குத்தான் எடுப்போம். அந்த ஒரு நாளுக்காக யாரும் அண்டா வாங்கிப் பரண்ல போட மாட்டாங்க. ஆனா தினமும் 200 பேருக்குச் சமைக்கற மெஸ்காரர்? அவர் சொந்தமா வாங்கிடுவார்.

சும்மா ஒரு கணக்குக்கு, அண்டா விலை 10,000 ரூபாய், ஒரு நாள் வாடகை 100 ரூபாய்னு வெச்சுக்கோங்க. வருஷத்துக்கு ரெண்டு விசேஷம் பண்ற வீட்டுக்கு 200 ரூபாய்ல வேலை முடிஞ்சிடும். மெஸ்காரர் வாடகைக்கு எடுத்தா நூறே நாள்ல அண்டா விலை போயிடும். கடை அதே, வாடகை அதே. மாறினது எத்தனை நாள் எடுக்கறோம்ங்கறது மட்டும்தான்.

அதனால முதல் கேள்வி: உங்க சர்வருக்கு வர்ற கூட்டம் கல்யாணக் கூட்டமா, மெஸ் கூட்டமா?

தோனி பேட்டிங் பண்ணின அன்னைக்கு

கல்யாணக் கூட்டத்துக்கு இதைவிட நல்ல உதாரணம் கிடையாது. 2019 ஜூலை 10, உலகக் கோப்பை அரையிறுதி, இந்தியா–நியூசிலாந்து. தோனி கிரீஸ்ல நிக்கறார். ஹாட்ஸ்டார்ல ஒரே நேரத்துல 2.53 கோடி பேர் பார்த்துட்டு இருந்தாங்க. அப்போ அது உலக சாதனை. அப்புறம் அந்த ரன் அவுட். நமக்கு நெஞ்சு உடைஞ்சது ஒரு பக்கம். அங்க இன்ஜினியர்களோட கிராஃப்ல கூட்டம் மடமடன்னு கலைஞ்சுது.

2.53 கோடி பேரைத் தாங்கற அளவுக்குச் சொந்தமா சர்வர் வாங்கியிருந்தா, மேட்ச் இல்லாத நாள்ல அதுல பெரும்பகுதி சும்மா தூங்கும். ஹாட்ஸ்டார் அமேசானோட கிளவுட்ல இருந்ததுக்கு அர்த்தம் இங்கதான் இருக்கு. ஆனா ஒரு விஷயம் கவனிங்க. "கிளவுட்தானே, கூட்டம் வந்தா தானா விரிஞ்சுக்கும்"னு அவங்க உட்காரல. தானா விரியறதுக்கு ஆகற அந்தச் சில நிமிஷம்கூட மேட்ச் நேரத்துல தாமதம்தான். அதனால எவ்வளவு பேர் வருவாங்கன்னு கணிச்சு, முன்கூட்டியே சர்வர்களை ஏத்தி வெச்சாங்க. வாடகைக் கடை பக்கத்துலயே இருந்தாலும், அண்டா முதல் நாள் ராத்திரியே மண்டபத்துக்கு வந்தாகணும் இல்லையா, அந்த மாதிரி.

திரும்பி வந்தவங்க

இப்போ மெஸ் பக்கம் வருவோம். டிராப்பாக்ஸ் ஆரம்பத்துல மக்களோட ஃபைலை எல்லாம் அமேசானோட எஸ்3-ல வெச்சிருந்தாங்க. சின்ன கம்பெனியா இருந்தப்போ அது சரியான முடிவு. ஆனா ஃபைல் சேமிக்கறது டிராப்பாக்ஸுக்கு எப்போவாவது வர்ற விசேஷம் இல்லை, அதுதான் தொழிலே. ஒரு தடவை போட்ட ஃபைல் அங்கயே கிடக்கும், தினமும் வாடகை ஏறும். அதனால சொந்தமா சேமிப்பு அமைப்பைக் கட்டினாங்க. 90 சதவீதத்துக்கும் மேற்பட்ட பயனர் டேட்டாவை அதுக்கு மாத்திட்டோம்னு 2016ல அறிவிச்சாங்க. 2018ல பங்குச் சந்தைக்கு வரும்போது தாக்கல் செஞ்ச ஆவணத்தைக் கூட்டிப் பார்த்தா, இந்த மாற்றத்தால ரெண்டு வருஷத்துல சுமார் 7.5 கோடி டாலர் செலவு குறைஞ்சிருக்கு.

அடுத்தது பேஸ்கேம்ப் செய்யற 37சிக்னல்ஸ். கிளவுடை விட்டு வெளியேறப் போறோம்னு 2022 அக்டோபர்ல டேவிட் ஹைனமையர் ஹான்சன் எழுதினது பெரிய விவாதம் ஆச்சு. அந்த வருஷம் அவங்க கிளவுட் பில் சுமார் 32 லட்சம் டாலர். ஏழு லட்சம் டாலர் அளவுக்கு டெல் சர்வர் வாங்கி, அப்ளிகேஷன்களை அதுக்கு மாத்தினாங்க. 2024ல பில் சுமார் 13 லட்சம் டாலரா இறங்கியிருந்தது. "சர்வர் வாங்கினா அதைப் பார்த்துக்க நிறைய ஆள் வேணுமே?"ன்னு கேட்டவங்களுக்கு அவர் சொன்ன பதில், டீம் அளவு மாறவே இல்லைங்கறதுதான். கிளவுட்ல இருந்தப்பவும் அதைக் கவனிக்க அதே ஆட்கள் தேவைப்பட்டாங்க.

உடனே "பார்த்தீங்களா, கிளவுடே வேஸ்ட்"னு முடிவு கட்டிடாதீங்க. 37சிக்னல்ஸ் வாங்கினது சர்வர் மட்டும்தான். அதை வெச்ச கட்டடம், கரன்ட், கூலிங் எல்லாம் வேறொரு டேட்டா சென்டர்காரங்களோடது. அண்டா சொந்தம், அடுப்படி வாடகை. இதுக்குக் கோலொகேஷன்னு பேரு. நம்ம நேயரோட ஆபீஸ்ல இந்த மூணாவது வழியை யாரும் பேசற மாதிரியே தெரியல.

அப்புறம், சொந்த அண்டாவுக்கும் செலவு இருக்கு. கழுவ ஆள் வேணும், வைக்க இடம் வேணும், பித்தளைன்னா ஈயம் பூசணும். சர்வருக்கு ஏசி, யுபிஎஸ், ஜெனரேட்டர் டீசல், சில வருஷத்துக்கு ஒரு தடவை புது மெஷின், ராத்திரி ரெண்டு மணிக்குப் போன் எடுக்கற ஆள். நிறைய ஆபீஸ்ல ஒப்பிடும்போது கிளவுட் பில்லை ஒரு பக்கம் வெச்சு, இன்னொரு பக்கம் சர்வர் வாங்கின விலையை மட்டும் வெப்பாங்க. அந்த அண்ணனோட சம்பளமும் கரன்ட் பில்லும் கணக்குலயே வராது.

மூட்டை கட்டறதுக்கு முன்னாடி

போறதுன்னு முடிவு பண்ணா, எப்படிப் போறதுங்கறது அடுத்த கேள்வி. வீடு மாத்தும்போது என்ன பண்றோம்? சிலதைத் தூக்கிப் போடறோம், சிலதை ஊர்லயே விட்டுட்டு வர்றோம், சிலதை அப்படியே ஏத்தறோம், சிலதுக்குப் பதிலா அங்க போய்ப் புதுசு வாங்கிக்கறோம். கிளவுட் மாற்றமும் இந்தப் பட்டியல்லதான் தொடங்கணும். எந்த அப்ளிகேஷனை யார் பயன்படுத்தறாங்க, எது எதோட பேசுதுன்னு முழுசா எழுதணும். யாருமே பயன்படுத்தாத ஒரு சாஃப்ட்வேர் மூலையில ஓடிட்டே இருக்கறது பல நேரம் அப்போதான் தெரியவரும்.

இருக்கறதை அப்படியே தூக்கி வைக்கறதுதான் வேகமான வழி. ஆனா ராத்திரி பகலா ஓடிட்டு இருந்த மெஷின் அங்கயும் ராத்திரி பகலா ஓடும், மீட்டரும் கூடவே ஓடும். நெட்ஃபிளிக்ஸ் கதை இதுக்காகவே தெரிஞ்சுக்க வேண்டியது. 2008ல அவங்க டேட்டாபேஸ் கெட்டுப்போய், மூணு நாள் டிவிடி அனுப்ப முடியல. அப்புறம்தான் கிளவுடுக்குக் கிளம்பினாங்க. அப்படியே தூக்கி வெச்சா பழைய பிரச்சினையும் கூடவே வரும்னு சொல்லி, அமைப்பையே மாத்தி எழுதினாங்க. முடிச்சது 2016 ஜனவரி. ஏழு வருஷம் ஆச்சு.

இன்னொண்ணு. இப்போ நீங்க பார்க்கற நெட்ஃபிளிக்ஸ் வீடியோ அமேசான் கிளவுட்ல இருந்து நேரா வர்றதில்லை. லாகின், சிபாரிசு இதெல்லாம் கிளவுட்ல. வீடியோ வர்றது, இன்டர்நெட் கம்பெனிகளோட இடத்துலயே நெட்ஃபிளிக்ஸ் வெச்சிருக்கற சொந்தப் பெட்டிகள்ல இருந்து. கிளவுடுக்கு விளம்பரம் மாதிரி சொல்லப்படற கம்பெனிகூட, தன்னோட கனமான தினசரி வேலைக்குச் சொந்த அண்டா வெச்சிருக்கு.

தப்பு நடந்தா யார் தலையில விழும்?

இந்தக் கேள்விதான் இன்னைக்கு எனக்கு ரொம்ப முக்கியம். கிளவுடுக்குப் போனா பாதுகாப்பு அவங்க பொறுப்புன்னு ஒரு நினைப்பு இருக்கு. பாதிதான் உண்மை. கட்டடம், மெஷின், அடியில ஓடற சாஃப்ட்வேர் அவங்களோடது. உங்க டேட்டாவை யார் திறக்கலாம், எந்தக் கதவு பூட்டியிருக்குங்கறது உங்களோடது. அமெரிக்காவுல கேப்பிட்டல் ஒன் வங்கி கிளவுட்ல ரொம்ப முன்னாடி போன வங்கி. 2019ல அங்க ஒரு ஃபயர்வால் தப்பா அமைக்கப்பட்டிருந்த வழியா, அமெரிக்காவுல மட்டும் சுமார் 10 கோடி பேரோட விவரம் திருடு போச்சு. 8 கோடி டாலர் அபராதம் கட்டினது வங்கிதான்.

கிளவுட்காரங்க தப்பு பண்ணா? 2024 மே. ஆஸ்திரேலியாவுல யூனிசூப்பர்னு ஒரு ஓய்வூதிய நிதி, ஆறு லட்சத்துக்கும் மேல உறுப்பினர்கள். ஒருநாள் கூகுள் கிளவுட்ல இருந்த அவங்க பிரைவேட் கிளவுட் காணாமப் போச்சு. ஹேக்கர் யாரும் வரல. அதை முதல்ல அமைச்சப்போ கூகுள் பக்கத்துல ஒரு கட்டத்தைக் காலியா விட்டிருந்தாங்க. காலியா விட்டா "ஒரு வருஷத்துக்கு மட்டும்"னு சிஸ்டம் எடுத்துக்கும். வருஷம் முடிஞ்சது, தானா அழிச்சிடுச்சு. ரெண்டு இடத்துல நகல் இருந்தும், ரெண்டு இடத்துலயும் சேர்த்தே அழிஞ்சுது. பணம் பத்திரமாத்தான் இருந்தது. ஆனா உறுப்பினர்கள் ஒரு வாரம் தங்களோட ஓய்வூதியக் கணக்கைப் பார்க்க முடியல. ரிட்டையர் ஆன ஒருத்தருக்கு அந்த ஒரு வாரம் எப்படி இருந்திருக்கும்?

அவங்களை மீட்டது, இன்னொரு நிறுவனத்துகிட்டயும் பேக்கப் வெச்சிருந்ததுதான். இதை ஞாபகம் வெச்சுக்கோங்க: நகலும் பேக்கப்பும் ஒண்ணு இல்லை. நகல்ங்கறது கண்ணாடி மாதிரி, இங்க அழிஞ்சா அங்கயும் அழியும். பேக்கப் தனியா, வேற சாவி போட்டு, வேற இடத்துல இருக்கணும். 2021 மார்ச்ல பிரான்ஸ்ல ஸ்ட்ராஸ்பர்க் நகரத்துல ஓவிஹெச் டேட்டா சென்டர் எரிஞ்சப்போ, பேக்கப்பையும் அதே வளாகத்துல வெச்சிருந்தவங்க ரெண்டையும் சேர்த்தே இழந்தாங்க.

வெளிய வர வழி இருக்கா?

கடைசிக் கேள்வி இது. உள்ள போறது சுலபம். கிளவுட்காரங்களோட தனிப்பட்ட வசதிகளை நம்பி எழுதின சாஃப்ட்வேரை இன்னொரு இடத்துல ஓட்டறது கஷ்டம். டேட்டாவை வெளிய எடுக்கறதுக்கே தனிக் கட்டணம் இருந்தது. ஐரோப்பாவுல சட்டம் நெருங்கின நேரத்துல, 2024 ஜனவரியில கூகுளும், மார்ச்ல அமேசானும் மைக்ரோசாஃப்ட்டும், மொத்தமா வெளியேறறவங்களுக்கு அந்தக் கட்டணத்தை விலக்கினாங்க. நல்ல விஷயம். ஆனா சாஃப்ட்வேரை மாத்தி எழுதற செலவு நம்மளோடதுதான்.

நம்ம நாட்டுலயும் விதிகள் இருக்கு. பேமென்ட் டேட்டாவை இந்தியாவுலதான் சேமிக்கணும்னு ரிசர்வ் வங்கி 2018 ஏப்ரல்ல உத்தரவு போட்டுச்சு. வங்கிகள் ஐடி வேலையை வெளிய கொடுக்கறது பத்தின அதோட விதிகள் 2023 அக்டோபர்ல அமலுக்கு வந்துச்சு. கிளவுடுக்கும் அது பொருந்தும். எப்படி வெளியேறுவோம்ங்கற திட்டம் இருக்கணும்னு கேட்குது. உள்ள போறதுக்கு முன்னாடியே வெளிய வர்ற வழியை எழுது! வங்கி இல்லாத கம்பெனியும் இதைக் காப்பியடிக்கலாம், தப்பே இல்லை. இடம் இப்போ பிரச்சினை இல்லை. மைக்ரோசாஃப்ட் 2015லயே சென்னை, புனே, மும்பைல டேட்டா சென்டர் திறந்தாச்சு. அமேசான் 2016ல மும்பைக்கு வந்தாச்சு.

சரி, நேயருக்குப் பதில். மேனேஜ்மென்ட்டும் அண்ணனும் சண்டை போடறதுக்கு முன்னாடி நாலு வேலை பண்ணுங்க. ஒண்ணு, அந்த ஆறு சர்வரும் ஒரு வருஷமா எவ்வளவு வேலை செஞ்சதுன்னு கிராஃப் எடுங்க. சமமா இருந்தா மெஸ், ஏறி இறங்கினா கல்யாணம். ரெண்டு, கரன்ட், ஆள், புது மெஷின் எல்லாம் சேர்த்து இப்போதைய உண்மையான செலவை எழுதுங்க. மூணு, அப்ளிகேஷன் பட்டியல் போடுங்க. ஆறுமே சேர்ந்து போகணும்னு கட்டாயம் இல்லை. மெயிலும் வெப்சைட்டும் போகலாம், உள்வேலை டேட்டாபேஸ் அங்கயே இருக்கலாம்.

நாலாவது, இன்னைக்கே பண்ண வேண்டியது. பேக்கப்ல இருந்து ஒரு சர்வரை முழுசா மீட்டுப் பாருங்க. எவ்வளவு நேரம் ஆகுதுன்னு குறிச்சுக்கோங்க. மீட்க முடியலைன்னா, கிளவுட் பத்தின மீட்டிங்கைத் தள்ளி வெச்சுட்டு முதல்ல அதைச் சரி பண்ணுங்க. நீங்க ஏசி ரூம்ல இருந்தாலும் சரி, மும்பையில வாடகைக்கு இருந்தாலும் சரி, அந்த ஓட்டை கூடவே வரும்.

அந்த அண்ணனையும் மீட்டிங்ல உட்கார வைங்க. எந்த சர்வர் எந்த வெள்ளிக்கிழமை மக்கர் பண்ணும்னு தெரிஞ்ச ஒரே ஆள் அவர்தான்.

உங்க ஆபீஸ்ல என்ன முடிவு எடுத்தாங்க, பில் எப்படி வந்துச்சுன்னு வாய்ஸ் நோட் அனுப்புங்க. அடுத்த எபிசோட்ல பார்க்கலாம்.