ராவாகெடேயில் கேட்ட மன்னிப்பு

1947 டிசம்பர் 9ஆம் தேதி காலை, மேற்கு ஜாவாவில் உள்ள ராவாகெடே கிராமத்துக்குள் டச்சுப் படை புகுந்தது. தேடி வந்தது லூகாஸ் குஸ்தார்யோ என்ற இந்தோனேசியக் கேப்டனை. அவர் ஊரில் இல்லை. எங்கே போனார் என்று ஊர்க்காரர்கள் சொல்லவும் இல்லை. ஆண்களை வீடுகளிலிருந்து வெளியே இழுத்து, வரிசையாக நிறுத்திச் சுட்டார்கள். செத்தவர்கள் 150 பேர் என்றது டச்சுத் தரப்பு. 431 பேர் என்று ஊர் இன்றுவரை சொல்கிறது. ஆண்கள் இல்லாத ஊரில் பெண்களே குழி தோண்டித் தங்கள் கணவன்மாரைப் புதைத்தார்கள்.

அடுத்த மாதமே ஐ.நா. குழு ஒன்று விசாரித்து, இது திட்டமிட்டு இரக்கமில்லாமல் செய்த செயல் என்று எழுதி வைத்தது. டச்சு ராணுவத் தலைமையோ, பொறுப்பான அதிகாரி மீது வழக்கு வேண்டாம் என்று முடிவு செய்தது. அந்தப் பெண்களிடம் நெதர்லாந்து மன்னிப்புக் கேட்க 64 ஆண்டுகள் ஆயின.

முஸ்லிம்கள் பெரும்பான்மையாக வாழும் நாடுகளில் மக்கள்தொகையில் மிகப் பெரியது இந்தோனேசியா. அதைக் காலனியாக ஆண்டது நெதர்லாந்து. முஸ்லிம் நாடுகளுக்கும் மேலை நாடுகளுக்கும் இடையே உள்ள பகை எப்படித் தணியும் என்ற பேச்சு எழும்போதெல்லாம் ஈரான், ஆப்கானிஸ்தான், பாலஸ்தீனம் என்றே பார்க்கிறோம். தணிந்த இடத்தை யாரும் காட்டுவதில்லை. எனக்கு அப்படி ஓர் இடமாகத் தெரிவது இந்த இரண்டு நாடுகளின் உறவு. முழுக்க ஆறிய புண் அல்ல. ஆனால் எதைச் செய்தபோது ஆறியது, எதைச் செய்தபோது ஆறவில்லை என்பதை இங்கே தேதி வாரியாகப் பார்க்க முடிகிறது.

1945 ஆகஸ்ட் 17 அன்று இந்தோனேசியத் தலைவர்கள் சுகர்னோவும் ஹத்தாவும் விடுதலையை அறிவித்தார்கள். ஜெர்மன் ஆக்கிரமிப்பிலிருந்து சில மாதங்களுக்கு முன்புதான் மீண்ட நெதர்லாந்து, ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வீரர்களைக் கப்பலேற்றி அனுப்பியது. போர் என்று சொல்லாமல் ‘காவல் நடவடிக்கை’ என்றது. உள்நாட்டு விவகாரம் என்றால் வெளியார் தலையிட முடியாது அல்லவா? தலையிட்டார்கள். 1949 ஜனவரியில் நேரு ஆசிய நாடுகளை டெல்லிக்கு அழைத்து மாநாடு நடத்தினார். அமெரிக்காவும் தன் உதவிப் பணத்தை வைத்து நெருக்கியது. 1949 டிசம்பர் 27 அன்று ஆட்சி கைமாறியது. அந்த நான்காண்டுப் போரில் மாண்ட இந்தோனேசியர்கள் சுமார் ஒரு லட்சம் பேர். டச்சு வீரர்கள் சுமார் 5,000 பேர். போரின் தொடக்க மாதங்களில் டச்சுக்காரர், கலப்பினத்தார், சீனர் எனப் பல்லாயிரம் பேர் இந்தோனேசிய இளைஞர் கும்பல்களிடம் பட்ட பாடும் இந்தக் கணக்கில் சேர்ந்ததுதான்.

விடுதலை கொடுத்த கையோடு, பழைய டச்சுக் காலனி அரசின் கடன் என்று சுமார் 450 கோடி கில்டரைப் புதிய நாட்டின் தலையில் கட்டினார்கள். மேற்குப் பாப்புவாவையும் தர மறுத்தார்கள். உறவு கெட்டது அங்கேதான். 1956இல் மீதிக் கடனைக் கட்ட முடியாது என்றது ஜகார்த்தா. அடுத்த இரண்டாண்டுகளில் டச்சு நிறுவனங்களை எல்லாம் நாட்டுடைமை ஆக்கியது, டச்சுக்காரர்களை வெளியேற்றியது. 1960இல் தூதரக உறவே அறுந்தது. 1962இல் மேற்குப் பாப்புவா குறித்து அமெரிக்கர் எல்ஸ்வொர்த் பங்கர் நடுவராக இருந்து முடித்த ஒப்பந்தத்தால்தான் இன்னொரு போர் தவிர்ந்தது.

பிறகு அதிபர் சுகார்த்தோ காலத்தில் வணிகம் திரும்பியது, அரச விருந்துகள் நடந்தன. பழைய கணக்கைப் பற்றி இரு தரப்பும் பேசவில்லை. 1969இல் யோப் ஹூட்டிங் என்ற முன்னாள் வீரர் டச்சுத் தொலைக்காட்சியில் தோன்றி, நாங்கள் அங்கே போர்க்குற்றம் செய்தோம் என்று சொன்னார். அவருக்குக் கொலை மிரட்டல் வந்தது. அரசு அவசரமாக ஓர் அறிக்கை தயாரித்து, ஆங்காங்கே அத்துமீறல் நடந்தது, மொத்தத்தில் படை ஒழுங்காகத்தான் நடந்துகொண்டது என்றது. அந்த ஒரு நிலைப்பாட்டைப் பற்றிக்கொண்டு நெதர்லாந்து கிட்டத்தட்ட அரை நூற்றாண்டை ஓட்டியது.

1995இல் விடுதலைப் பொன்விழா ஆண்டில் ராணி பெயட்ரிக்ஸ் ஜகார்த்தா வந்தார். வந்து இறங்கிய நாள் ஆகஸ்ட் 21. நான்கு நாள் முன்னதாக வந்திருந்தால் 1945ஐ விடுதலை ஆண்டாக ஏற்றதாகிவிடும் என்று டச்சு முன்னாள் படைவீரர்கள் எதிர்த்தார்கள். விருந்தினர் ஒருவர் வேண்டுமென்றே கல்யாணம் முடிந்த பிறகு வந்தால் வீட்டார் என்ன நினைப்பார்கள்? பத்தாண்டு கழித்து, 2005 ஆகஸ்ட் 17 விழாவில் கலந்துகொண்ட வெளியுறவு அமைச்சர் பென் பாட், அன்று பட்டேவியா எனப்பட்ட ஜகார்த்தாவில் பிறந்தவர். சிறுவனாக ஜப்பானியத் தடுப்பு முகாமில் கிடந்தவர். 1945இலேயே விடுதலை தொடங்கிவிட்டது என்பதை அரசியல் ரீதியாகவும் அறத்தின்படியும் ஏற்கிறோம் என்று முதல் முறையாகச் சொன்னது அவர்தான்.

ஆனாலும் உண்மையான திருப்பம் அரசுகளால் வரவில்லை. ராவாகெடே விதவைகள் சிலரும் உயிர் தப்பிய முதியவர் ஒருவரும் ஹேக் நகர நீதிமன்றத்தில் டச்சு அரசு மீது வழக்குப் போட்டார்கள். வாதாடியவர் டச்சு வழக்கறிஞர் லீஸ்பெத் செக்ஃபெல்ட். கொலை நடந்ததை அரசு மறுக்கவில்லை. காலம் கடந்துவிட்டது, வழக்கு செல்லாது என்று மட்டும் சொன்னது. 2011 செப்டம்பர் 14 அன்று நீதிமன்றம் அந்த வாதத்தைத் தள்ளியது. நடந்ததை இத்தனை ஆண்டுகளாகத் தெரிந்து வைத்திருந்த அரசு, இந்தப் பெண்களிடம் காலக்கெடுவைக் காட்டுவது நியாயமல்ல என்பது தீர்ப்பின் சாரம். அந்த முதியவர் தீர்ப்பைக் கேட்க இல்லை. சில மாதங்களுக்கு முன்பே காலமாகிவிட்டார்.

அதே ஆண்டு டிசம்பர் 9, படுகொலை நடந்த அதே தேதியில், டச்சுத் தூதர் அந்த ஊருக்கே போய் மன்னிப்புக் கேட்டார். கிராமத்தின் பெயர் இப்போது பாலோங்சாரி. விதவைகளுக்குத் தலைக்கு 20,000 யூரோ. பணம் வந்ததும் மற்றக் குடும்பங்களுக்கும் பங்கு வேண்டும் என்று ஊரில் தகராறு எழுந்தது. அதையும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் இழப்பீட்டை எப்படிக் கொடுப்பது என்பதே தனி வேலை. ஆனால் பூட்டு அன்றைக்குத் திறந்துவிட்டது. 2013இல், டச்சுப் படையிடம் கணவனைப் பறிகொடுத்த தெற்கு சுலவேசி விதவைகளுக்கும் அதே வழி கிடைத்தது. 2020இல் கொல்லப்பட்டவர்களின் பிள்ளைகளுக்கு 5,000 யூரோ என்று அறிவித்தார்கள்.

2020 மார்ச்சில் போகோர் அரண்மனையில் அரசர் வில்லெம் அலெக்சாண்டர் டச்சுத் தரப்பின் அத்துமீறிய வன்முறைக்கு மன்னிப்புக் கேட்டார். 2022 பிப்ரவரியில் டச்சு ஆய்வு நிறுவனங்கள் மூன்று, கஜா மடா பல்கலைக்கழக அறிஞர்களையும் சேர்த்துக்கொண்டு நடத்திய நெடிய ஆய்வு வெளியானது. தீவிர வன்முறை பரவலாக நடந்தது, மேலிடத்துக்குத் தெரிந்தே நடந்தது என்றது. 1969 அறிக்கையின் ஆயுள் அன்றோடு முடிந்தது. பிரதமர் மார்க் ருட்டே அன்றே மன்னிப்புக் கேட்டார். 2023இல் 1945 ஆகஸ்ட் 17ஐ முழுமையாக ஏற்பதாக நாடாளுமன்றத்தில் சொன்னார்.

இந்தக் கதையில் மதமே இல்லை என்று நான் சொல்லவில்லை. ஜாவா இளவரசர் திபொநெகொரோ 1825 முதல் ஐந்தாண்டுகள் புனிதப் போர் என்று அறிவித்தே டச்சுக்காரர்களோடு போரிட்டார். 1830இல் நோன்புப் பெருநாளையொட்டி மரியாதைக்காகப் போன இடத்தில் அவரைப் பிடித்தார்கள். பண்டிகை நாளில் செய்த அந்த நம்பிக்கைத் துரோகம் ஜாவாவில் மறக்கப்படவில்லை. அவருடைய குத்துவாளான கெரிஸ், லைடன் அருங்காட்சியகத்தில் எது என்று அடையாளம் தெரியாமல் பல பத்தாண்டுகள் கிடந்தது. அறிஞர்கள் அதைத் தேடிப் பிடித்து உறுதி செய்து கொடுக்க, அரசர் மன்னிப்புக் கேட்ட அதே மாதத்தில் அது இந்தோனேசியாவிடம் சேர்ந்தது. 2023 ஜூலையில் லைடனிலிருந்து இன்னும் 478 பொருள்கள் கைமாறின. 1894இல் லொம்போக் அரண்மனையில் அள்ளிய பொன்னும் மணியும் அவற்றில் அடக்கம்.

இதை மற்ற இடங்களோடு ஒப்பிட்டுப் பாருங்கள். 1953இல் ஈரானில் முகமது மொசாதேக்கின் ஆட்சியைக் கவிழ்த்ததில் அமெரிக்காவுக்குப் பங்கு உண்டு என்று 2009இல் கெய்ரோவில் ஒபாமா ஒப்புக்கொண்டார். நல்ல பேச்சு. ஆனால் அதைத் தொடர்ந்து மன்னிப்போ இழப்பீடோ வரவில்லை. அல்ஜீரியப் போராளிகளுடையவை என்று 24 மண்டையோடுகளை 2020இல் பிரான்ஸ் திருப்பிக் கொடுத்தது நல்ல தொடக்கம். ஆனால் காலனி ஆட்சிக்காக மன்னிப்புக் கேட்பதில்லை என்பதில் பாரிஸ் பிடிவாதமாக இருக்கிறது. நாகரிகங்களின் உரையாடல் என்று எத்தனை மாநாடு போட்டாலும், இன்ன ஊரில் இன்ன நாளில் இன்னாரைக் கொன்றோம் என்று சொல்லாமல் பகை இறங்காது என்றுதான் நினைக்கிறேன். அதைச் சொல்ல வைக்க எளியவர்களுக்கும் திறந்திருக்கும் நீதிமன்றம் வேண்டும், இரு நாட்டாரும் சேர்ந்து பார்க்கும் ஆவணக் காப்பகம் வேண்டும்.

நெதர்லாந்தும் இன்னும் பாக்கி வைத்திருக்கிறது. சட்டப்படி ஆட்சி மாறிய நாள் 1949 டிசம்பர் 27தான் என்ற இடத்திலிருந்து டச்சு அரசு நகரவில்லை. அப்படியிருக்கும்வரை ஜகார்த்தா கட்டிய கடன் சரிதானா என்ற கேள்வியும் அப்படியே நிற்கும். மேற்குப் பாப்புவா மக்களைக் கேட்காமல் முடித்த 1962 ஒப்பந்தத்துக்கு இரு நாடுகளுமே பதில் சொல்லவில்லை. சுலவேசியில் தகப்பனைப் பறிகொடுத்த பிள்ளைகள் இன்று எண்பது வயதை நெருங்கியவர்கள், தாண்டியவர்கள். பிறப்புச் சான்றிதழ் வழக்கமே இல்லாத காலத்தில் பிறந்த அவர்கள், இழப்பீடு பெற, இன்னாரின் பிள்ளைதான் என்று காட்டக் காகிதம் தேடிக்கொண்டிருக்கிறார்கள். சான்று கேட்கும் அந்த நிபந்தனைகளையாவது டச்சு அரசு இந்த ஆண்டே தளர்த்தலாம்.